தாய்மாமன் சட்டை

திருமானூர் பெருமக்களுக்கு ஒரு மகத்தான அறிவிப்பு. பக்கவாதம் வந்து மூன்று மாதமாக வீட்டோடு கிடக்கும் அய்யம்பெருமாள், இன்று தன் சட்டைப் பட்டனைத் தானே போடுவார். அதுவரை வாசற்படி தாண்டுவதில்லை என்பது அவருடைய சபதம். கல்லங்குறிச்சியில் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் முடியாது.

“மனசு வச்சா மலையவே புரட்டலாம்டி.”

“மலைய அப்புறம் புரட்டிக்கலாம். மொதல்ல பட்டனப் புடிங்க,” என்றாள் மனைவி அம்சவள்ளி. உதவப் போன கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

சொன்ன பேச்சு கேட்காத வலது கையோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். கடைசிப் பட்டனும் மாட்டியபோது அவருக்குக் கண் கலங்கியது.

“எப்படி இருக்கு?”

“ராசா மாதிரி இருக்கீங்க. வாங்க, பஸ் வந்துரும்.”

ஐந்து பட்டனும் ஒரு காஜா தள்ளி மாட்டியிருந்தது.