மூத்தோர் ஆராதனை

அந்தத் தேவாலயத்தின் காலை ஆராதனைக்கு அதுவரை பெயரே கிடையாது. ஆர்கன், பாட்டுப் புத்தகம், அமைதி, அவ்வளவுதான். கிதாரும் டிரம்ஸும் உள்ள இரண்டாவது ஆராதனைக்குப் 'புத்துயிர் ஆராதனை' என்று பலகை மாட்டியதும், முதலாவதற்கும் ஒன்று வேண்டும் என்றார் சபைச் செயலர்.

"'மூத்தோர் ஆராதனை'ன்னு வைப்போம். மரியாதையா இருக்கும்."

அந்த மரியாதைதான் வினையாகிப் போனது. அடுத்த ஞாயிறு தையற்காரம்மா பலகையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நான் என்ன கிழவியா?"

"பேத்திக்கே கல்யாணம் ஆயிடுச்சேக்கா," என்றார் கூட வந்த பழைய நர்ஸ்.

"அது அவ வயசு. நீ வேணா உள்ள போ."

"நான் எதுக்கு? எனக்கு முட்டிதான் வலிக்குது."

இருவரும் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு புத்துயிருக்குப் போனார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

ஆர்கன்காரரால் நழுவ முடியவில்லை. அவர் மனைவிக்கு ஞாபகமெல்லாம் போய்விட்டது. வீட்டில் அவரை "ஐயா" என்பாள். "எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம், நீங்க கிளம்புங்க ஐயா." ஆனால் காலை ஆராதனையில் ஆர்கன் எழும்பியதும் எழுந்து நிற்பாள். மற்றவர்கள் பாடும் மெட்டோடு இழையும் இரண்டாம் குரலைப் புத்தகம் பார்க்காமல் கடைசி அடிவரை பாடுவாள். முடிந்ததும் ஆர்கன் பக்கம் திரும்பி, "ஏங்க, இன்னிக்கு ஓட்டமா ஓட்டிட்டீங்க" என்பாள். அந்த ஒரு 'ஏங்க'வை வைத்துத்தான் அவர் மிச்ச வாரத்தை ஓட்டினார்.

காலை ஆராதனை நின்றுவிடுமோ என்று பயந்து வீட்டில் ஆர்மோனியத்தில் வாசித்துப் பார்த்தார். பலிக்கவில்லை. முதல் குரலுக்கு நாலு பேர் இருந்தால்தானே இரண்டாம் குரல் வரும்?

"பலகையக் கழட்டிடுங்க பாஸ்டர்," என்று கெஞ்சினார். கழற்றினார்கள். யாரும் திரும்பவில்லை.

"இப்பத் திரும்பிப் போனா, வயசானத ஒத்துக்கிட்டேன்னு எல்லாரும் சிரிப்பாங்க," என்றார் தையற்காரம்மா.

கடைசியில் போதகரே வீட்டுக்கு வந்தார்.

"விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் ஆள் வர்றாங்க. அதுக்கு ஒரு ஆராதனையாண்ணே?"

"ஒருத்திக்காக நடத்துங்களேன், பாஸ்டர்."

போதகர் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அந்த மாதத்தோடு காலை ஆராதனை நின்றது.

டிரம்ஸ் வாசிக்கும் பெண்தான் மனமிரங்கினாள். "அங்கிள், ஆன்ட்டி பாடுற பாட்ட நாங்களே வாசிக்கிறோம். விடுங்க, நான் பாத்துக்கறேன்."

சொன்னபடியே செய்தாள். பாட்டின் வரிகள் திரையில் ஓடின, டிரம்ஸ் முழங்கியது, சபையே கைதட்டிப் பாடியது. பஞ்சை எடுத்துவிட்டுத் தையற்காரம்மா கண்ணீரோடு உரக்கப் பாடினார். ஆர்கனுக்கு அங்கே வேலையில்லை. ஆர்கன்காரர் முதன்முறையாக மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பாட்டு முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவள் அவர் சட்டைக் கையைத் தொட்டாள்.

"ஐயா."

"சொல்லும்மா."

"இங்க எப்பப் பாட ஆரம்பிப்பாங்க?"

"இதோ, இப்ப ஆரம்பிச்சிடுவாங்க."

"எங்க வீட்டுக்காரர்தான் வாசிப்பார்," என்றாள் அவள், பையை எடுத்து மறுபக்கத்து இருக்கையில் வைத்தபடி. "இந்த இடம் அவருக்கு. யாரும் உக்காராம பாத்துக்கங்க."