நைஜல் சாரின் முதல் சிக்ஸர்

துபாய் ஜெபல் அலியில் எங்கள் லேபர் கேம்ப்புக்கு எதிரே இருக்கும் லாரி நிறுத்துமிடம்தான் மைதானம். அதற்கு அடித்துக்கொள்ளும் அணிகள் இரண்டு: எங்களுடையது ஒன்று, ஹஸ்னைனுடையது ஒன்று. லீவு நாளில் காலையில் யார் ஆடுவது, மதிய வெயிலில் யார் வெந்து சாவது என்று வருடம் முழுக்கச் சண்டை. கடைசியில் ஒரு மேட்ச் வைத்துத் தீர்த்துக்கொள்வது என்று முடிவானது. ஜெயித்தால் காலை, தோற்றால் மதியம் ஒரு மணி. மே மாதம் பிறந்திருந்தது. வெயிலைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

அதனால்தான் எங்கள் கேப்டன் கார்மேகம், நாங்கள் வேலை செய்யும் கிடங்கின் சேஃப்டி மேனேஜர் நைஜல் சாரைப் போய்ப் பிடித்தான். சார் இங்கிலாந்துக்காரர். பல்கலைக்கழக அணிக்கும், பிறகு ஏதோ ஒரு மைனர் கவுண்டிக்கும், அதாவது இரண்டாம் தர மாவட்ட அணிக்கும், ஆடியவர்.

"கவுண்டி பிளேயருடா! ஹஸ்னைன் டீம் இன்னியோட காலி!" என்று ரூம் ரூமாகப் போய்ச் சொன்னான் கார்மேகம். 'மைனர்' என்பதை வசதியாக விட்டுவிட்டான்.

சார் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், காலில் பேடு, தலையில் ஹெல்மெட். எல்லாம் டேப் சுற்றிய டென்னிஸ் பந்துக்கு! சிரிப்பை அடக்கிக்கொண்டேன், மேனேஜர் அல்லவா.

ஆட்டமும் அப்படித்தான். பந்து வந்தால் காலை நீட்டி, குனிந்து, நோகாமல் தடுத்து வைப்பார். "பியூட்டிஃபுல்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். ரன் மட்டும் மருந்துக்குக்கூட இல்லை.

"சார், யல்லா, சீக்கிரம்! அடிங்க சார்!" என்று மறுமுனையிலிருந்து கார்மேகம் கத்தினான்.

கடைசிப் பந்து. நான்கு ரன் வேண்டும். சார் என்ன நினைத்தாரோ, கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்றினார். பந்து எங்கள் தலைக்கு மேலே பறந்து, பக்கத்து யார்டின் மதிலைத் தாண்டி விழுந்தது. சார் ஹெல்மெட்டைக் கழற்றி, நாலு திசைக்கும் மட்டையை உயர்த்தினார். கைதட்டல் கேட்டது, எதிரணியிலிருந்து. அம்பயர் விரலைத் தூக்கிவிட்டார்.

மதிலைத் தாண்டினால் அவுட். அந்த யார்டு வாட்ச்மேன் பந்தைத் திருப்பித் தரமாட்டான் என்பதால் வந்த சட்டம். ஊரில் சந்துக்குச் சந்து இதே சட்டம்தான். இது தெரியாத ஒரு ஆள் உலகத்தில் இருப்பான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கார்மேகத்தின் முகம் கறுத்துவிட்டது. மேனேஜராவது மண்ணாவது, நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று எல்லோரும் கிளம்பினோம். அதற்குள் சார் தன் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுவிட்டார்.

"சிக்ஸ், டாட்!" என்றார். பல்கலைக்கழகத்திலும் அடித்ததில்லை, கவுண்டியிலும் அடித்ததில்லை, வாழ்க்கையில் இதுதான் முதல் சிக்ஸர் என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. திரையில் அந்தக் கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேட்ச் ஜெயித்தீர்களா என்று கேட்டார்.

சார் அப்போதுதான், அம்பயர் இன்னும் இறக்காத விரலைப் பார்த்தார். மட்டையை மெல்லக் கீழே வைத்தார். எனக்குக் கோபமெல்லாம் போய், பாவமாகிவிட்டது.

சட்டென்று ஹஸ்னைன் போனுக்கு முன்னால் தலையை நீட்டினான். "யெஸ் சார்! வின்! யுவர் சன், வெரி டேஞ்சர் பேட்ஸ்மேன்!"

கிழவர் கைதட்டினார். நாங்களும் தட்டினோம். கார்மேகம் மெல்ல ஹஸ்னைன் தோளில் கைபோட்டான்.

"அச்சா பாய். வின்னுன்னு நீயே சொல்லிட்ட. அப்ப காலையில கிரவுண்டு எங்களுக்கா?"

போனைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னான் ஹஸ்னைன்: "நோ நோ பாய், கிரவுண்டு மாஃபி, நோ கிரவுண்டு. யூ, ஒன் ஓ கிளாக்."