எதிர் மேஜையில் ஒரு வேலை

கேஸ் கட்டைப் பிரித்த இரண்டாவது வரியிலேயே சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது. இது அவளுடைய கேஸ்.

பெயர்களை எல்லாம் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். வேலையை விட்டு நீக்கப்பட்ட பம்ப்காரரின் பெயர், பம்ப் ஹவுஸ் இருந்த இடம், கேஸ் நம்பர், வக்கீலின் பெயர், எல்லா இடத்திலும் கறுப்புக் கட்டம். ஆனால் எழுத்து நடையை யார் அடிப்பது? 'மோட்டார் எரிந்ததற்கு மனுதாரர்தான் காரணம் என்றால், பொழுது விடிவதற்கு அலாரம் கடிகாரம்தான் காரணம்.' வெறுத்துப்போன ஒரு மத்தியானத்தில் அவளே எழுதிய வரி. அதைப் படித்துவிட்டு நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரித்ததாகத்தான் அவள் எடுத்துக்கொண்டாள்.

குடிநீர் வாரியத்தின் சட்டப்பிரிவில் இரண்டு வக்கீல் வேலை காலி. இன்டர்வியூவுக்கு வந்தவர்களுக்கு ஒரே பரீட்சைதான். ஒரு கட்டைக் கொடுப்பார்கள், அரைமணி நேரம் படிக்கலாம், பிறகு உள்ளே போய் வாரியத்தின் பக்கம் நின்று வாதாட வேண்டும். எதிரே மூன்று பேர் உட்கார்ந்து கேட்பார்கள்.

அதாவது, ஆறு வருஷமாக எந்த மனிதருக்காக வாரியத்தோடு மல்லுக்கு நிற்கிறாளோ, அதே மனிதரை இப்போது அவள் அடித்து வீழ்த்திக் காட்ட வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும் கை உதறியிருக்கும். சின்னவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே ஏதோ ஒன்று தடித்துக் கிடந்தது, கொஞ்ச காலமாகவே. கேஸ் ஜெயித்தாலும் அப்படித்தான், தோற்றாலும் அப்படித்தான்.

காலையில்கூட அக்கா அதைத்தான் சொன்னாள். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டே பேர், பெரியவளும் சின்னவளும்.

"இழவு வீட்டுக்குப் போற மூஞ்சியோட போகாதடி. கொஞ்சம் சிரி."

"இது என் மூஞ்சிக்கா. கழட்டி ஆணியில மாட்டவா முடியும்?"

"என் முட்டி ரெண்டும் எப்பவோ ரிட்டையர் ஆயிடுச்சு. நான்தான் இன்னும் ஆகல. நீ மாசச் சம்பளத்துல உக்காந்தாதான் நான் நைட் டூட்டிய விட முடியும். ஞாபகம் வெச்சுக்கிட்டு வாயைத் திற."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் சொன்ன கையோடு சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

சின்னவள் கட்டை மூடினாள். இந்தக் கேஸில் ஒரு ஓட்டை இருந்தது. பெரிய ஓட்டை. வாரிய ஊழியரின் நீக்கத்தைத் தொழிலாளர் கோர்ட்டில்தான் எதிர்க்க முடியும். இவளுக்கு முன்னால் இதை நடத்திய வக்கீல், அவசரத்தில் தீர்ப்பாயத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். கட்டு இவள் கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே இவள் அதைக் கண்டுபிடித்தாள். வாயைத் திறக்கவில்லை. எதிர்த்தரப்பு கண்டுபிடிக்கவே இல்லை. வாரியத்துக்காக ஆஜரான கிழவருக்குக் கோர்ட் முழுக்க 'வாய்தா மாமா' என்றுதான் பெயர். அவர் கட்டைப் பிரித்துப் படித்ததாகச் சரித்திரமே கிடையாது. அடுத்த வாரம் கடைசி விசாரணை. மனிதர் இப்படியே தூங்கிவிட்டால் பம்ப்காரர் ஜெயித்துவிடுவார்.

இப்போது அந்த ஓட்டையை உள்ளே போய்ச் சொன்னால் வேலை அவளுக்கு. அதை விட்டுவிட்டு வாதாடினால் அவள் மக்கு. வாதாடவே மாட்டேன் என்றால்?

கதவு திறந்தது. கூப்பிட்டார்கள்.

நடுவில் தலைமைச் சட்ட அதிகாரி, நரைத்த முடியை ஒட்ட வெட்டிய அம்மாள். ஒரு பக்கம் ஓய்வு பெற்ற நீதிபதி. இன்னொரு பக்கம் ஆள்சேர்ப்பு மேனேஜர், கழுத்தில் அடையாள அட்டை, கையில் பிஸ்கட்.

"ஆரம்பிக்கலாம்," என்றார் அதிகாரி.

"முடியாது மேடம். இந்தக் கட்டை நான் பார்த்திருக்கவே கூடாது. இதுல எதிர்த்தரப்பு வக்கீல் நான்தான்."

பிஸ்கட் பாதி வழியில் நின்றது.

"எப்படிங்க? பேரெல்லாம் நானே உக்காந்து அடிச்சேனே!" என்றார் மேனேஜர். "ஒரு மார்க்கர் முழுசாத் தீர்ந்துபோச்சு!"

நீதிபதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏன்யா, தீர்ந்த கேஸ் ஒண்ணுகூடவா உங்க ஆபீஸ்ல இல்ல? நடந்துக்கிட்டிருக்கிற கேஸா கிடைச்சுது?"

"தீர்ந்ததெல்லாம் குடோன்ல இருக்கு சார். சாவி லீவுல இருக்கு... அதாவது, சாவி வெச்சிருக்கிறவர்."

அதிகாரி சிரிக்கவில்லை. சின்னவளையே பார்த்தார். "வெளியே இருங்க. கூப்பிடறோம்."

வராந்தாவில் இரும்பு நாற்காலி. பக்கத்தில் இவளுக்கு முன்னால் போய்விட்டு வந்த ஒருவன், ரிசல்ட் தெரியாமல் நகரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தான். புது ஷூ கடித்திருக்க வேண்டும். குதிகாலை மட்டும் வெளியே எடுத்து வைத்திருந்தான்.

"என்னங்க, சீக்கிரமே வந்துட்டீங்க? கட்டு கஷ்டமா?"

"ம்."

"எனக்கு அல்வா மாதிரி இருந்துச்சு. கோர்ட்டே தப்பு! போன உடனே அதைத்தான் போட்டு உடைச்சேன். அந்த அம்மா அப்படியே பேனாவை எடுத்துக் குறிச்சுக்கிட்டாங்க. ஆறு வருஷமா ஒருத்தன் கண்ணுலயும் படலையாம், பாருங்க கூத்தை."

சின்னவள் அவனுடைய குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் உரிந்திருந்தது. முடிந்தது கதை. ஆறு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது எதற்கு? தெருவில் போன ஒருவன் வந்து ஊதிவிட்டுப் போய்விட்டான். வயிறு எரிய வேண்டும். எரியவில்லை.

மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள். இந்த முறை கட்டு இல்லை. நீதிபதி வாயாலேயே ஒரு கற்பனைக் கேஸ் போட்டார். குழாய்க்காகத் தோண்டிய பள்ளம், அதில் விழுந்த லாரி, நஷ்ட ஈடு கேட்கும் கம்பெனி. வாரியத்தின் பக்கம் நின்று சின்னவள் பேசினாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. லாரியை நடுவழியில் இரண்டு முறை நிறுத்தி, டிரைவர் எந்தப் பக்கமிருந்து வந்தார் என்று கேட்டாள். நீதிபதி திணறிப்போய், "எனக்கே தெரியலம்மா, லாரியே நான் இப்ப விட்டதுதானே," என்றார்.

அதிகாரி கட்டைவிரலால் மேஜையைத் தட்டினார். "நீங்கதான் கடைசி. இழுத்தடிக்க வேண்டாம். ரெண்டு பேரை எடுக்கறோம், நீங்க ஒண்ணு. திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடுங்க. அதுவரைக்கும் நீங்க எங்க ஆள் இல்ல. அதுக்குள்ள உங்க கட்டையெல்லாம் யாருக்காவது மாத்திக் கொடுத்துடணும். அந்தப் பம்ப் கேஸ் கட்டு நம்ம ஆபீஸ்ல உங்க பக்கமே வராது. புரியுதா?"

"புரியுது மேடம்."

வேலை கிடைத்துவிட்டது. படிக்கட்டில் இறங்கும்போது அக்காவுக்குப் பேசப் போனை எடுத்தாள். போட்டது பம்ப்காரருக்கு.

"எங்க இருக்கீங்க?"

"கடையில மோட்டாருக்குக் காயில் சுத்திக்கிட்டிருக்கேன் வக்கீலம்மா. என்ன, ஜெயிச்சுட்டமா?"

"தீர்ப்பாயத்துக்கு வாங்க. இப்பவே."

வந்தார். கையில் கிரீஸ், சட்டைப் பையில் டெஸ்டர். தீர்ப்பாயத்தின் படிக்கட்டில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றே சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். கோர்ட் தப்பு. அது வாரியத்துக்கு இன்றைக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் அதை எடுத்துச் சொன்னால் கேஸ் செத்துவிடும். அதற்கு முன்னால் நாமே வாபஸ் வாங்கி, சரியான கோர்ட்டில் போட அனுமதி கேட்டால் உயிர் தப்பும். ஆனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"முதல்லேர்ந்துன்னா?"

"முதல்லேர்ந்து."

அவர் டெஸ்டரை எடுத்து, திரும்பப் பையில் போட்டார். "உங்களுக்கு இது எப்போ தெரியும்?"

"ரொம்ப நாளாத் தெரியும்."

"சொல்லலையே."

"சொல்லியிருந்தா உங்களுக்குத் தூக்கம் போயிருக்கும்."

"இப்ப மட்டும் தூங்கிக் கிழிச்சேனாக்கும்."

"இன்னொண்ணு இருக்கு. வாரியத்துல எனக்கு வேலை கிடைச்சிருக்கு. திங்கட்கிழமையிலேர்ந்து நான் அந்தப் பக்கம். அதனால நான் சொல்றேன்னு கேட்காதீங்க. வேற யாரையாவது விசாரிச்சுட்டுக்கூட முடிவு பண்ணுங்க. ஆனா இன்னைக்குள்ள."

ஒரு பியூன் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து படியேறிப் போனான்.

"அந்தப் பக்கம் போறவங்க, போற வழியில எதுக்கு என்னைக் கூப்பிட்டுச் சொல்றீங்க?"

"இன்னைக்கு நான் உங்க வக்கீல்," என்றாள்.

"சரி, போடுங்க வாபஸ்." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எங்க கையெழுத்து?"

மதியம் கோர்ட் கூடியது. சின்னவள் எழுந்து, லிஸ்டில் இல்லாத கேஸை எடுத்துக்கொள்ளும்படி கேட்டாள். எதிர் மேஜையில் வாய்தா மாமா கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தார், லேசான குறட்டையோடு. வாரியத்தில் ஒரு விஷயம் சட்டப்பிரிவிலிருந்து கிளம்பி, குறிப்பாகி, டைப் ஆகி, முத்திரை வாங்கி, தபாலில் ஏறி இவர் மேஜைக்கு வந்து சேருவதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும். ஆனால் அந்த அதிகாரி அம்மாள் ஒரு போன் போட்டிருந்தால்? அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியாது.

"எதற்காக வாபஸ்?" என்றார் தீர்ப்பாயத்தின் நீதிபதி.

"தவறான மன்றம். தொழிலாளர் கோர்ட்டில் போட அனுமதி வேண்டும். இங்கே கழிந்த காலத்தை மனுதாரரின் கணக்கில் தாமதமாகச் சேர்க்கக் கூடாது."

"இத்தனை வருஷம் கழித்தா தெரிந்தது?"

"தவறு வக்கீலுடையது. மனுதாரருடையது இல்லை. நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்."

நீதிபதி எதிர் மேஜைப் பக்கம் திரும்பினார். "வாரியம் என்ன சொல்கிறது?"

பெஞ்ச் கிளார்க் இருமினார். வாய்தா மாமா திடுக்கிட்டு எழுந்தார். கை தானாகவே கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டது. சின்னவள் அவருடைய செல்போனைப் பார்த்தாள். மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தார். அதன் ஓரத்தில் வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. சத்தமில்லாமல் யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாபஸா?" என்றார் மாமா. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தூக்கிக்கொண்டு அலைய ஒரு கட்டு குறைகிறதே! "தாராளமா. ஆட்சேபணையே இல்லை கனம் நீதிபதி அவர்களே."

"அனுமதிக்கப்படுகிறது."

அப்புறம்தான் மாமா போனைத் திருப்பிப் பார்த்தார்.

வெளியே வந்தபோது பம்ப்காரர் போய்விட்டிருந்தார். அவருக்காக அவள் ஒரு தோழியிடம் பேசி வைத்திருந்தாள், கெட்டிக்காரி. அந்த நம்பரை மெசேஜில் அனுப்பினாள். பார்த்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை.

திங்கட்கிழமை வேலை இருக்குமா இருக்காதா என்று தெரியாமலே போனாள். அக்காவிடம் வேலை கிடைத்ததை மட்டும்தான் சொல்லியிருந்தாள். அக்கா நைட் டூட்டிக்கு முழுக்குப் போடும் கடிதத்தை எழுதி வைத்திருந்தாள்.

சட்ட அதிகாரி அவளை உட்காரச் சொல்லவில்லை.

"அன்னைக்கு மத்தியானமே போய் வாபஸ் வாங்கிட்டீங்க."

"ஆமா மேடம்."

"நான் போன்ல அந்தக் கிழவரைப் பிடிக்கறதுக்குள்ள."

"ஆமா."

"மேனேஜர் உங்க பேரைக் கிழிச்சுப் போடணும்கறார். இன்டர்வியூவுக்கு வந்த நீதிபதி உங்களைத்தான் எடுக்கணும்கறார். நான் ஒண்ணு மட்டும் கேக்கறேன். அந்த ஓட்டை உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"தெரியும்."

"எங்க வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"அவர் உங்க வக்கீல் மேடம். என் கட்சிக்காரர் வேற ஒருத்தர்."

அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார், மூடினார், மறுபடி கழற்றினார். பிறகு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "இன்னைக்கு முதல் உங்களுக்கு நாங்க மட்டும்தான். கையெழுத்துப் போடுங்க."

போட்டாள்.

அறை சின்னது, ஜன்னல் பின்சுவரைப் பார்த்தது. புது ஷூக்காரன் பக்கத்து மேஜையில் செருப்போடு உட்கார்ந்திருந்தான். "உங்களுக்கும் கிடைச்சிடுச்சா! நல்லதாப் போச்சு," என்றான். வாய்தா மாமாவிடமிருந்து பிடுங்கிய கட்டுகளை ஒருவர் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார்.

சின்னவள் மேலே இருந்ததை எடுத்தாள். மனுதாரர், துப்புரவுப் பணியாளரான ஒரு பெண். சாக்கடைக்குள் இறங்கிய புருஷன் மேலே வரவில்லை. நஷ்ட ஈடு கேட்கிறாள். மனுவைப் படித்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். அவளுடைய வக்கீலுக்கு அனுபவம் போதாது. வேலை எடுத்த காண்டிராக்டரைக் கேஸில் சேர்க்க மறந்துபோயிருந்தார்கள். அதை ஒருவர் சுட்டிக்காட்டினால் போதும், கேஸ் நொண்டிக்கொண்டு பின்னால் போய்விடும்.

மூன்றாம் பக்கத்திலேயே அது அவள் கண்ணில் பட்டது.

போனில் அக்கா. "என்னடி, உக்காந்துட்டியா? நான் லெட்டரைக் கொடுத்துட்டேன். இன்னைக்கு ராத்திரி கால் நீட்டித் தூங்கப் போறேன். கேக்குதா? சிரிச்சியா இல்லையா?"

"உக்காந்துட்டேன்கா."

போனை வைத்தாள். பேனாவை எடுத்து, குறிப்புத் தாளில் முதல் வரி எழுதினாள்: 'காண்டிராக்டர் சேர்க்கப்படவில்லை.' எழுத்து நேராக, அழகாக, ஒரு கோணல் இல்லாமல் வந்தது.

தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். நடுங்கியிருந்தால் தேவலை என்று தோன்றியது. அது நடுங்கவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.