முதல் போன்

கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவரின் கண்ணாடிக்கு மூக்குப் பட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. கணவன். எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் மூன்றடிக்க இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. ஆக, மனிதர் சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் நிருபர். ஒரு காவல் நிலையத்தில் நடக்கும் அடி உதையைப் பற்றி எழுதப் போய், வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. அதன் பிறகு பத்திரிகைக்காரர்களைப் பாதுகாக்கும் அமைப்பு ஒன்று அவரைத் தன் கண்காணிப்பில் எடுத்துக்கொண்டது. செய்திக்காக வெளியூர் போனால், குறித்த நேரத்துக்கெல்லாம் அந்த அமைப்பில் இருக்கும் ஒரு பெண்ணிடம் பேச வேண்டும்; இன்றைக்கு மூன்று மணிக்கு. பேசாவிட்டால் வக்கீல், பத்திரிகை ஆசிரியர், போலீஸ் என்று எல்லா இடத்துக்கும் அவள் தகவல் சொல்லிவிடுவாள். எங்கே போகிறார் என்பதை மட்டும் வீட்டில் சொல்லக் கூடாது. தெரியாதவளை மிரட்டி என்ன வாங்கிவிட முடியும்? நியாயம்தான். ஆனால் பத்து வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவளுக்குப் புருஷன் இருக்கும் ஊர் தெரியாது; எவளோ ஒருத்திக்கு அவர் எந்தக் கடையில் டீ குடிக்கிறார் என்பது வரை தெரியும். இதை எந்த மனசுதான் தாங்கும்? அந்தப் பெண்ணுக்குக் காவல் தெய்வம் என்று இவளே பெயர் வைத்திருந்தாள்.

போன மாதம் காவல் தெய்வம் வீட்டுக்கே போன் செய்தது. "அக்கா, அவர் முதுகு மச்சம் இடப்பக்கம்னு சொல்றார். சரிதானா?" வலப்பக்கம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு இவள் கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க முதுகு மச்சம் அவங்களுக்கு எதுக்குங்க?"

"எனக்கு ஏதாவது ஆயிட்டா அடையாளம் பாக்கறதுக்குடி."

அதைக் கேட்டுப் பயந்திருக்க வேண்டும். அவளுக்கு வயிறுதான் எரிந்தது. நேற்றும் அதே சண்டை. ஒரே ஒரு தடவையாவது எனக்கு முதலில் பேசிவிட்டு அப்புறம் அவளுக்குப் பேசுங்கள் என்று அழாத குறையாகக் கேட்டிருந்தாள்.

"நல்லா இருக்கேன்," என்றார் இப்போது. "போதுமா? மேடத்துக்குப் பேசணும். சார்ஜ் வேற இல்ல."

"என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடுவீங்க?"

தண்ணீர் மோட்டார் மறுபடி நின்றுவிட்டதைச் சொன்னாள். பையனுக்குப் பல் ஆடுவதைச் சொன்னாள். கடை முதலாளி புதிதாக முடிக்குச் சாயம் அடித்துக்கொண்டு வந்ததைக்கூட விடவில்லை. அவர் "ம்" போட்டார். இவள் கண் கடிகாரத்தை விட்டு அகலவில்லை. முள் மூன்றைத் தாண்டியது. காத்திருக்கட்டும். கையைப் பிசையட்டும். காத்திருப்பது என்றால் என்னவென்று அவளுக்கும் கொஞ்சம் தெரியட்டும்.

"வைக்கட்டுமா?"

"இருங்க, முக்கியமான விஷயம் ஒண்ணு."

அப்படி ஒரு விஷயமும் இல்லை. அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தாள்; அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. இருந்தும் கொஞ்ச நேரம் ஜெயித்துவிட்ட சிரிப்பு ஒன்று அவள் உதட்டில் இருந்தது. பெரியவரின் கண்ணாடியை மறுபடி கையில் எடுத்தாள். முள் கால் மணியைத் தொட்டபோது மறுபடி போன்.

"அக்கா, அவர் எனக்குப் பேசல. போனும் போகல. உங்ககிட்ட பேசினாரா?"

இல்லை என்ற சொல் நுனி நாக்கு வரை வந்துவிட்டது.

"பேசலைன்னா நான் இப்பவே எல்லாருக்கும் சொல்லணும். போலீஸுக்குச் சொன்னா அது அவர் எழுதப் போயிருக்கற அந்த ஸ்டேஷனுக்குத்தான் போய்ச் சேரும். அவர் அந்த ஊர்ல இருக்கறதே அவங்களுக்கு இன்னும் தெரியாதுக்கா."

அவள் அந்தச் சொல்லை விழுங்கினாள். "பேசினார். நான்தான் வைக்க விடல."

திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. விழுந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"கட் ஆகறப்ப என்ன கேட்டுச்சு? வண்டிச் சத்தம், கதவு, வேற ஆள் குரல்? சார்ஜ் தீர்ந்துச்சா, யாராவது போனைப் பிடுங்கினாங்களா? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். கடிகார முள்தான் வந்து நின்றது. அவர் கடைசியாகச் சொன்னது "ம்"மா, வேறு ஏதாவதா?

"தெரியல. அவர் சொன்னதை நான் கேக்கவே இல்ல."

"சரி, போனை வைக்காதீங்க. கொஞ்சம் பாக்கலாம். வேற யார் போன்ல இருந்தாவது என் நம்பருக்குப் பேசுவார். அவருக்கு அது மனப்பாடம்."

தன் நம்பர் அவருக்கு மனப்பாடமில்லை என்பது அவளுக்குத் தெரியும். அந்த நேரத்திலும் அது சுருக்கென்று தைக்கத்தான் செய்தது. அந்தப் பெண்ணின் மூச்சு கேட்டது. அதுவும் சீராக இல்லை.

பிறகு அந்தப் பக்கத்தில் இன்னொரு போன் ஒலித்தது.

"ஒரு நிமிஷம்கா."

கைபேசியை மேஜையில் வைக்கும் சத்தம். மணி நின்றது. அந்தப் பெண் யாரிடமோ பேசத் தொடங்கினாள். ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. அவர்தானா? அவள் கைபேசியைக் காது வலிக்க அழுத்திக்கொண்டாள். கண்ணாடி இல்லாத பெரியவர் இரு கைகளாலும் மேஜையைத் தடவிக்கொண்டே வந்து, "ஆச்சாம்மா?" என்றார்.

ஒற்றை மூக்குப் பட்டையோடு இருந்த அவர் கண்ணாடியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி, "உஷ்" என்றாள்.