ஃப்ரிட்ஜுக்குள் கைசர்

வெள்ளம் வடிந்து மூன்று நாள் ஆகியும் எங்கள் தெருவில் சேறு முழங்காலைப் பிடித்து இழுத்தது. வாசல்தோறும் சோபாவும் மெத்தையும் மலையாகக் கிடந்தன. எங்கும் ஹீட்டர் எண்ணெய் நாற்றம், ஜனவரிக் குளிர் வேறு. தெருமுனையில் பொக்லைன் ஒன்று பழைய ஃப்ரிட்ஜுகளை அள்ளி நசுக்கிக்கொண்டிருந்தது. நான் விழுந்தடித்துக்கொண்டு போனேன்.

அவற்றில் ஒன்றுக்குள் என் மனைவி ரோஸ்விதாவின் ஆமை கைசர் இருந்தது. எட்டு வயதில் அவளுக்குக் கிடைத்தது; இப்போது அவளுக்கு அறுபத்திரண்டு. குளிர்காலம் முழுக்க எங்கள் நிலவறை ஃப்ரிட்ஜில்தான் தூங்கும். இந்தக் குளிர் நாட்டில் ஆமை வளர்க்கிறவர்கள் செய்வதுதான். பக்கத்து ஃப்ரிட்ஜில் என் பீர். நேற்று நாற்றம் வராமல் டேப் சுற்றி இரண்டையும் தெருவில் தள்ளிய புத்திசாலி நானேதான். ஆமை நினைவே வரவில்லை.

வெள்ளத்தில் கால் ஒடிந்து, நிவாரண முகாமான பள்ளிக்கூட ஹாலில் படுத்திருந்த ரோஸ்விதா காலையில் கேட்டாள்: "ஃப்ரிட்ஜ் மிதக்கும்ல, கைசர் பொழச்சிருப்பான். போய்ப் பாத்தியா?"

"பாத்தேன். நல்லாத் தூங்குறான்" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

இப்போது பொக்லைன் முன்னால் கையை விரித்து நின்றேன். ஓட்டுநர் எட்டிப் பார்த்தான்.

"பெரியவரே, நகருங்க."

"உள்ள ஆமை இருக்குப்பா."

"காலையிலயே போட்டாச்சா?"

"என் பொண்டாட்டியோட ஆமை. நசுங்குச்சுன்னா நான் செத்தேன்."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன" என்று கத்தியோடு இறங்கி வந்தான்.

சேறு அப்பி எல்லா ஃப்ரிட்ஜும் ஒன்றுபோல் இருந்தன. முதல் ஃப்ரிட்ஜைத் திறந்ததும் கெட்டுப்போன மீன் நாற்றத்தில் இருவருக்கும் குமட்டியது. நான்காவதில் என் பீர். ஏழாவதில், காய்ந்த இலைகள் நிறைந்த மரப்பெட்டிக்குள் கைசர்.

தொட்டேன். ஜில்லென்று இருந்தது, அசையவில்லை.

"செத்துருச்சா?" என்றான் ஓட்டுநர்.

எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது. வேறு வழியில்லாமல் ரோஸ்விதாவுக்கு போன் போட்டேன்.

"கைசர் உயிரோட இருக்கானான்னு எப்படிப் பாக்குறது?"

"பின்னங்கால மெதுவா இழு" என்றாள்.

இழுத்தேன். கால் என் விரலிலிருந்து நழுவி ஓட்டுக்குள் போனது.

"உள்ள இழுத்துக்கிட்டான்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "ரோஸ்விதா, நான்தான் அவன தெருவுல..."

"காலையில நீ எந்திரிச்சு ஓடுன வேகத்துலயே, நீ பாக்கவே இல்லன்னு தெரிஞ்சுது" என்றாள். "கால் ஒடஞ்சவ என்ன பண்றது? நீ நேரத்துக்குள்ள அவன்கிட்ட போயிருவன்னு நம்பிக்கிட்டுக் கெடந்தேன்."