கலங்கல் தண்ணீர்

அக்கா பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் சாய்த்துவிட்டாள்.

"ஊத்தாத!"

வீடே திரும்பிப் பார்த்தது. காலையிலிருந்து அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். வந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோதும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய மாமனார், "நீங்க வீட்டுல இருங்க மாப்ள, நான் கூட்டிட்டு வர்றேன்" என்றபோதும் தலையை மட்டும் ஆட்டியவன், சமையலறை வாசலில் நின்று கத்தினான்.

அக்கா பாட்டிலை நிமிர்த்தினாள். ஒரு வாய்த் தண்ணீர் போயிருந்தது.

"பால் வைக்க இடம் வேணும்டா. வர்றவங்களுக்கு டீயாவது குடுக்கணும்ல? சேத்துத் தண்ணிய எதுக்குடா ஃப்ரிட்ஜுல அடுக்கி வெச்சிருக்கீங்க?"

"அவளோடது."

அக்கா மூடியை இறுக்கி, பாட்டிலைத் துடைத்து, கீழ்த்தட்டில் மற்ற இரண்டின் பக்கத்தில் வைத்தாள். பால் பாக்கெட்டுகள் மேடையிலேயே வியர்த்துக் கிடந்தன.

கீழ்த்தட்டு எப்போதும் அவன் மனைவியுடையதுதான். மாதத்துக்கு ஒருமுறை, ஆறு கடலோடு சேரும் கழிமுகத்துக்குப் படகில் போய், மேல்தண்ணீர், நடுத்தண்ணீர், அடித்தண்ணீர் என்று மூன்று பாட்டில்களில் பிடித்துவருவாள். ஆய்வுக்கூடம் திறந்திருந்தால் நேராக அங்கே போகும். விடுமுறை நாளாக இருந்தால் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வரும்.

"உன் சொந்தக்காரங்க வந்துட்டாங்களா?" என்பான்.

"வந்துட்டாங்க. சத்தம் போடாதீங்க, தூங்குறாங்க."

"சாப்பாடு?"

"அவங்களுக்கு வெயில் போதும். உங்களை மாதிரி மூணு வேளையும் மெனு கேக்க மாட்டாங்க."

நேற்றும் மூன்றையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். தலை வலிக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்றாள். வெயிலில் போய்வந்த வலி என்று நினைத்துக்கொண்டான். டீ போட்டு எடுத்துக்கொண்டு போய் எழுப்பினான். அவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். சின்ன வயசுதானே, என்று அவரே ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

அவளோடு வேலை பார்த்தவள் வந்தாள். கேப்டன். படகு கிளம்பி கரை மறைவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள் என்பதால் அவன் மனைவி கேலியாக வைத்த பெயர். நேற்றுக்கூட இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். கேப்டன் அவளுடைய அம்மாவை, அவன் அத்தையை, கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, சுவரோரம் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அவள் பார்வை சமையலறைப் பக்கம் போய்த் திரும்பியது.

எதற்கென்று அவனுக்குத் தெரியும். பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"கேக்க வாயே வரலைங்க" என்றாள்.

"தெரியும்."

"இன்னைக்குள்ள வடிகட்டலைன்னா..."

"தெரியும்னு சொன்னேன்ல."

கேப்டன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் குடுக்குறேன்."

"நாளைக்கு அது வெறும் சேறுங்க."

இன்று ராத்திரி எல்லோரும் படுத்தபிறகு ஃப்ரிட்ஜைத் திறந்தால், கீழ்த்தட்டில் வெளிச்சம் விழும். மூன்றும் அங்கே இருக்க வேண்டும். அவள் வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும். வேறெதுவும் அவன் கேட்கவில்லை. வடிகட்டிவிட்டால் அதுவும் முடிந்தது.

"என்ன மாப்ள அது? என்ன கேக்குறா?" என்றாள் அத்தை.

மகளின் வேலை தண்ணீர் சம்பந்தப்பட்டது என்பதற்கு மேல் அத்தைக்கு எதுவும் தெரியாது. தெரிந்தவரைக்கும் சொன்னான்.

"ஆத்துத்தண்ணியும் கடல்தண்ணியும் கலக்குற இடம் எப்பவும் கலங்கலாத்தான் இருக்கும் அத்தை. அந்தக் கலங்கல்ல மண்ணு இருக்கும். ஆறு அடிச்சிட்டு வந்த இலை, தழை, மக்கினது எல்லாம் இருக்கும். அதோட உயிருள்ளதும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத செடி மாதிரி. பிளாங்க்டன்னு சொல்லுவாங்க. வெயில்ல சாப்பாடு தயாரிச்சுக்கும். மீனு, இறாலு எல்லாம் கடைசியில அதை நம்பித்தான். கலங்கல்ல எவ்வளவு உயிரு, எவ்வளவு மக்கினதுன்னு பிரிச்சுப் பாக்குறதுதான் அவ வேலை."

அத்தை முழுவதையும் கேட்டாள்.

"அப்ப அந்தப் பாட்டில்ல இன்னும் உயிர் இருக்கா?"

அவன் சமையலறைப் பக்கம் பார்த்தான்.

"இருக்கு அத்தை. இன்னைக்கு வரைக்கும் இருக்கும்."

அத்தை எழுந்தாள். சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்து, குனிந்து, ஒரு பாட்டிலின் மேல் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல வைத்திருந்தாள்.

"சின்னதுலயே அப்படித்தான்" என்றாள், யாரையும் பார்க்காமல். "வீட்டுப்பாடம் முடிக்காம தட்டுல கை வைக்க மாட்டா. எவ்வளவோ திட்டியிருக்கேன். எடுத்துட்டுப் போங்க மாப்ள."

அவன் பாட்டில்களைப் பையில் வைத்தான். கேப்டன் கை நீட்டினாள். பையைக் கொடுக்கவில்லை.

"நானும் வர்றேன்."

"ஆஸ்பத்திரி வண்டி வர்ற நேரத்துல எங்கடா போற? ஊரு என்ன பேசும்?" அக்கா வாசலை மறித்தாள்.

"விடும்மா, போயிட்டு வரட்டும்" என்றாள் அத்தை.

ஆய்வுக்கூடம் பூட்டியிருந்தது. கேப்டனிடம் சாவி இருந்தது. உள்ளே ஜன்னலோர மேசையில் அவளுடைய வெயில் தொப்பி கவிழ்ந்து கிடந்தது. கேப்டன் அதை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல், எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

கண்ணாடிக் குடுவை, அதன்மேல் புனல், நடுவில் மெல்லிய வட்டக் காகிதம். பக்கத்தில் சிறிய பம்ப். எல்லாவற்றையும் பொருத்திவிட்டு முதல் பாட்டிலைத் தூக்கிய கேப்டன், மூடியைத் திறக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குடுங்க" என்றான்.

வாங்கிக் குலுக்கினான்.

"ஐயோ, குலுக்காதீங்க! உடைஞ்சுடும் எல்லாம். மெதுவா தலைகீழா சாய்ச்சு, மறுபடி நிமிர்த்துங்க. அடியில படிஞ்சது கலந்தா போதும்."

சாய்த்தான். நிமிர்த்தினான். இந்தக் கை அசைவை அவன் பார்த்திருக்கிறான். பேசிக்கொண்டே, அடுப்பில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே, அவள் இப்படிச் செய்துகொண்டிருப்பாள். ஏதோ பழக்கம் என்று நினைத்திருந்தான்.

"இதுல குறையுதே?" என்றாள் கேப்டன்.

"அக்கா ஊத்துனது."

கேப்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். "பரவால்லைங்க. எவ்வளவு ஊத்துறோம்னு அளந்துட்டா போதும்."

தண்ணீர் இறங்கியது. குடுவையில் சேர்ந்த நீர் குடிக்கும் தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. காகிதத்தில் மட்டும் ஒரு வட்டம் தங்கியது. பழுப்பு. உற்றுப் பார்த்தால், பழுப்புக்கு நடுவில் கொஞ்சம் பச்சை.

"பழுப்பு மக்கினது, மண்ணு" என்றாள் கேப்டன். "பச்சை உங்க சொந்தக்காரங்க."

அவன் நிமிர்ந்தான்.

"எங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. படகுல ஏறும்போதே ஆரம்பிச்சுடுவா. 'வாங்க கேப்டன், எங்க வீட்டுக்காரரோட சொந்தக்காரங்களைப் போய்க் கூட்டிட்டு வரலாம்'னு."

"என் சொந்தக்காரங்களா?"

"அப்படித்தான் சொல்லுவா."

அவன் இடுக்கியால் காகிதத்தை எடுத்துக் கொடுத்தான். கேப்டன் அதை மடித்து, வெளிச்சம் படாமல் தாளில் சுற்றினாள். நடுத்தண்ணீரும் முடிந்தது. பிறகு அடித்தண்ணீர்.

அதுதான் மூன்றிலும் கலங்கல். பாதி இறங்குவதற்குள் காகிதம் அடைத்துக்கொண்டது. கோடாக ஓடிய தண்ணீர் சொட்டாகி, சொட்டுகளுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது.

"பம்ப்பைக் கூட்டி வைக்கட்டுமா? சீக்கிரம் இறங்கிடும்."

"அவ கூட்டுவாளா?"

"மாட்டா. அழுத்தம் கூடினா நசுங்கிடும்னு சொல்லுவா. இறங்குற வரைக்கும் இந்த ஸ்டூல்ல உக்காந்து ஏதாவது பாடிக்கிட்டு இருப்பா. கர்ண கொடூரமா இருக்கும்."

"தெரியும்."

கேப்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

போன் அடித்தது. அக்கா.

"வண்டி வந்துடுச்சுடா." பின்னால் அத்தையின் குரல் பெரிதாகக் கேட்டது. "எங்க இருக்க?"

"கிளம்பிட்டேன்."

போனைப் பைக்குள் போட்டான். கேப்டன் சாவியைக் கையில் எடுத்து, அவன் முகத்தைப் பார்த்து, மறுபடி மேசையில் வைத்தாள்.

புனலில் இன்னும் விரற்கடை அளவு தண்ணீர் இருந்தது. ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது புனலின் அடிமுனையில் திரண்டு, கனத்து, விழாமல் நின்றது.