கோரம்

மேட்டில் குடியிருப்பவன் பெரியவன், பள்ளத்தில் குடியிருப்பவன் சின்னவன் என்று எந்த மடையன் சட்டம் எழுதினானோ தெரியாது. றக்வானப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்படித்தான் வைத்துக்கொண்டார்கள்.

தோட்டத்தின் பிரிவை நாங்கள் கணக்கு என்போம். கீழ்க்கணக்கில் என் அக்கா இருளாயி இருந்த, ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டிய லயத்துக்குப் பின்னால் மலை வெடித்திருந்தது. வெடிப்பில் கை நுழையும். மேல்கணக்கு மைதானத்தில் குடிசை போட்டுக்கொள்ள அந்த லயத்துச் சனங்கள் இடம் கேட்டார்கள். இரண்டு கணக்கும் ஒரே முடிவாக வந்தால் தருகிறேன் என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லிவிட்டார்.

அது 2007. நாட்டுக்கு இரண்டாவது சபை ஒன்று வேண்டும் என்று ரேடியோவில் பேசிக்கொண்டிருந்த நேரம். எங்கள் சங்கத் தலைவர் அழகமுத்து இரத்தினபுரியில் அதைப் பற்றி நடந்த கருத்தரங்குக்குப் போய்வந்து, எல்லாரையும் கோயிலடியில் உட்காரவைத்தார்.

"பெரிய நாடுகள்ல பார்லிமெண்டுக்கு ரெண்டு சபைங்க. கீழ்சபைக்கு ஜனங்க ஓட்டுப் போட்டு ஆள் அனுப்புவாங்க. சட்டம் அங்க நிறைவேறி மேல்சபைக்குப் போவும். அது பெரியவங்க சபை. அவசரத்துல தப்பு நடந்துடாம நிதானமாப் பாத்து, திருத்தம் இருந்தா திருப்பி அனுப்புவாங்க. ஒத்துப்போகலேன்னா ரெண்டு சபையும் சேந்து உக்காந்து பேசணும்."

"நம்ம நாட்டுலயும் முந்தி இருந்துச்சில்ல?" என்று கேட்டார் அக்கா புருஷன் கன்னையா.

"இருந்துச்சு. செனட்டுன்னு. எழுபத்தொண்ணுல எடுத்துட்டாங்க."

"நாப்பத்தெட்டுல நம்ம பிரஜாவுரிமையப் பறிச்சப்ப அது நிதானமா என்னத்தப் பாத்துச்சாம்?"

தலைவருக்கு அது காதில் விழவில்லை. கீழ்க்கணக்கு கீழ்சபை, மேல்கணக்கு மேல்சபை என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. பேர்ப்பொருத்தம் அப்படி. நான் மேல்கணக்கில் வாழ்க்கைப்பட்டவள், ஆகையால் நானும் பெரியவள்தான்.

கீழ்சபை வெற்றிலை மென்று துப்பும் நேரத்தில் தீர்மானத்தை நிறைவேற்றி மேலே அனுப்பியது. மேல்சபை அதைப் பாதிக் குடும்பங்களுக்கு மட்டும் என்று திருத்தியது. பையன்கள் கிரிக்கெட் விளையாட இடம் வேண்டுமாம். எந்தப் பாதி சாவது என்று கேட்டுக் கீழ்சபை திருப்பி அனுப்பியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இதுதான். இப்படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது.

"எங்க வீட்டுக்கு வந்துடுக்கா" என்று அக்காவிடம் கெஞ்சினேன்.

"ஒத்தக் காம்பரா. ஒன் மாமியா, மாமனா, புள்ளைங்க. நாங்களும் வந்து எங்கடி படுக்குறது? அதான் ரெண்டு சபையும் சேந்து உக்காரப் போவுதாமே. முடிவு வரட்டும்."

அவளுக்கு அந்தச் சபைகள் மேல் அவ்வளவு நம்பிக்கை.

சேர்ந்து உட்காரும் நாளும் வந்தது. கன்னையாவும் கீழ்க்கணக்கு ஆட்களும் நனைந்துகொண்டே மேட்டுக்கு ஏறி வந்தார்கள். மேல்சபை ஆட்களில் பாதிப் பேர் பெல்மதுளையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். தலைவர் தலைகளை எண்ணினார்.

"கோரம் இல்ல. போதுமான ஆள் இல்லாம முடிவெடுக்க முறையில்ல. அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க."

"மழ இப்படி ஊத்துது, நீங்க தலைய எண்ணிக்கிட்டு இருக்கீங்க" என்றேன்.

"முறைன்னு ஒண்ணு இருக்கும்மா."

கன்னையா உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கீழே இறங்கினார்.

கோரம் என்ற சொல்லுக்கு எங்களுக்குத் தெரிந்த அர்த்தம் வேறு. அது மறுநாள் விடியும்போது, வேலைக்கு அழைக்கும் தப்பு அடிப்பதற்கு முன்னாலேயே வந்தது. லயம் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. அக்காவையும் கன்னையாவையும் அடுப்படிப் பக்கம் தோண்டி எடுத்தார்கள்.

கீழ்க்கணக்கு மயானத்துக்குப் போகும் பாதையும் மண்ணுக்குள் போய்விட்டது. எங்கே புதைப்பது என்று பேச மேல்சபை கூடியது. ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள், கல்யாணத்துக்குப் போனவர்களும்தான். மைதானத்தில் இடம் கொடுக்கலாம் என்று தலைவர் சொன்னதும் எல்லாக் கையும் உயர்ந்தது. திருத்தம் எதுவும் இல்லை.

"கீழ்சபை சம்மதம் வேணுமில்லீங்களா தலைவரே?" என்று கேட்டேன்.

அவர் மண்வெட்டி எடுத்துவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

சாயந்தரம் அக்காவுக்கு, அவள் கேட்ட இடத்திலேயே குழி வெட்டினார்கள்.